முதுகு காட்டிய பதினான்கு

குரோமோசோம் ஆய்வாளரான அந்த அம்மையார் நாள்தோறும் காலையில், தேநீர் அருந்துவதற்கு முன்பே, ஸ்ட்ராபெர்ரிச் செடியின் வேர்நுனி ஒன்றைக் கிள்ளிச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்துக் கட்டைவிரலால் சீராக அழுத்தி, நுண்ணோக்கியில் தெரியும் குரோமோசோம்களை எண்ணுவார். எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை: ஐம்பத்தாறு. அவற்றுள் நாற்பத்திரண்டு அவரை நேராகப் பார்க்கும். பதினான்கு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இது ஆய்வு நிலையத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவதுபோலவே இதையும் பேசினார்கள். பெரும்பாலான உயிர்கள் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு தொகுதிக் குரோமோசோம்களோடு காலந்தள்ள, தோட்டத்து ஸ்ட்ராபெர்ரி எட்டுத் தொகுதிகளைச் சுமக்கிறது. எக்காலத்திலோ நான்கு காட்டுச் செடிகள் ஒன்றோடொன்று கலந்து, எதுவும் தன் பங்கான பதினான்கை விட்டுக்கொடுக்காமல், ஒரே வீட்டில் குடியேறிவிட்டன. மூன்று குடும்பங்களின் மூதாதைச் செடிகளை முகஜாடையை வைத்தே அம்மையார் கண்டுபிடித்துவிட்டார். நான்காவதுதான் திரும்ப மறுத்தது. லென்ஸை மாற்றினார், சாயத்தை மாற்றினார், தகட்டையே கவிழ்த்துப் பார்த்தார். பதினான்கும் சாவகாசமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டன. அவருக்குத் தலை நரைத்தது. இயக்குநர்கள் வந்தார்கள், ஓய்வுபெற்றுப் போனார்கள். கடைசியாக வந்தவர், ஆண்டு முடிவதற்குள் அந்த மூதாதை யாரென்று தெரியாவிட்டால் செடிப் பாத்திகளை வாகன நிறுத்துமிடமாக்கிவிடப்போவதாக அறிவித்தார்.

அன்று அம்மையாருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவருடைய நாத்தனார் நுண்ணோக்கிக்குள் எட்டிப் பார்த்தார். தையல் கடை நடத்துகிறவர் அவர்; அண்ணியைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

“அண்ணி, இது கூச்சம் இல்ல, அப்பட்டமான கோவம். அண்ணன்கிட்ட நான் பேசாம இருந்தேனே, அதே மாதிரி தோளத் தூக்கிட்டு நிக்குதுங்க. என்ன சொல்லித் தொலைச்சீங்க?”

“நான் என்னம்மா சொன்னேன்? பாதி ஆயுச இதுங்களுக்கே குடுத்திருக்கேன். எனக்குக் கோவம் வராதா?”

“தாராளமா வரட்டும். ஆனா அதுங்களுக்கு முந்தி வந்திருச்சே!”

அம்மையாரின் பார்வை, இளமையில் தாம் வரைந்து சுவரில் மாட்டியிருந்த படத்தின்மீது விழுந்தது. மூன்று குடும்பங்களையும் வண்ணம் தீட்டி, பெயரிட்டு நிறுத்தியிருந்தார். அந்தப் பதினான்கையும் ஓரத்தில் குவித்து, அடியில் ‘மிச்சம்’ என்று எழுதியிருந்தார். அடையாளம் தெரியாதவற்றை அப்படிக் குறிப்பது அத்துறையில் வழக்கம்தான். படமும் பாடநூல்கள்வரை ஏறிவிட்டது.

அவர் நுண்ணோக்கியின்மேல் குனிந்து, “எனக்குத் தெரியலன்னு எழுதியிருக்கணும். மிச்சம்னு எழுதிட்டேன். தப்புதான்” என்றார். நாத்தனார் சிரிக்கவில்லை. பதினான்கில் ஒன்றும் அசையவில்லை. வாய்வார்த்தைக்கு மசிகிற கோபமாக அது இல்லை. எனவே பதினான்குக்கும் மற்றவற்றுக்குரிய அளவும் வண்ணமும் கொடுத்துப் புதுப்படம் வரைந்து, ‘நாம் இன்னும் அறியாத தாய்’ என எழுதி, பிழை தம்முடையதே என்ற குறிப்போடு பாடநூல் பதிப்பாளர் அனைவருக்கும் அனுப்பினார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் பதினான்கும் திரும்பியிருந்தன. வயதான, களைத்த முகங்கள். உலகம் அறிந்த எந்தச் செடியின் ஜாடையும் அவற்றில் இல்லை. ஆண்டு முடிந்தும் மூதாதை யாரென்று தெரியாததால், இயக்குநர் சொன்னபடியே பாத்திகளை எடுத்துக்கொண்டார். நாத்தனார் முணுமுணுத்தவாறே செடிகளைத் தையல் கடை மாடிக்கு ஏற்றினார். அம்மையார் அங்கேயே நுண்ணோக்கியை வைத்து, அந்தப் பதினான்கு முகங்களையும் படத்தின் முதல் வரிசையில், அவசரப்படாமல், ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினார்.