மூடிக்குள் அரைக் கோழி

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு அட்டைத் துண்டு. கோழிக்கால் வந்த பெட்டியிலிருந்து யாரோ கிழித்தது. அதில் பாதிக் கோழி அச்சாகியிருந்தது. மீதிப் பாதி எங்கே என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதன்மேலும் கோபப்பட்டிருப்பேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஓல்கீன் நகரில் வெயில் மங்கிய ஒரு மாலைப்பொழுதில், நெரெய்தா என்ற பெண்

அடித்துவிட்டேன். நெரெய்தா நான்தான். எங்கள் ஊரில் வெயில் மங்கினால் அது செய்தி. இரண்டாவது தொடக்கம், ‘என் கணவன் நல்லவன்’. அதையும் அடித்தேன். ஆனால் அந்த வாக்கியம் லேசில் போகாது, கீழே எங்காவது மறுபடி தலைகாட்டும். பார்த்தால் நம்பிவிடாதீர்கள்.

2

நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் வானொலிக்கு நாடகத் தொடர் எழுதுகிறவள். என்னிடம் ஒரு பழைய மடிக்கணினி உண்டு. அதன் விசைகளில் பல உதிர்ந்துவிட்டன. குனிந்து குனிந்து எழுதி எனக்குக் கழுத்து வலி வேறு. அதனால் மடிக்கணினியை மூடி ஓரமாக வைத்து, வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு இணைத்துக்கொண்டேன். மூடினாலும் தூங்காதபடி அமைத்தேன். பெரிய திரை, நிமிர்ந்த கழுத்து, மேசைக்கணினி வைத்திருக்கும் பெரிய மனுஷி என்ற நினைப்பு.

[இங்கே ஒரு தகவல்: அது சூடாகாமல் இருக்க, முட்டை அட்டையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். முட்டைதான் கிடைப்பதில்லை.]

விசைப்பலகை ஒன்றுதான் குறை, இரவல் வாங்கிய ஒரு ஓட்டைப் பலகையில் தட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஓஸ்னியேல் புத்தம்புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தான். ஓஸ்னியேல் என் கணவன், குளிர்பெட்டி பழுது பார்ப்பவன். “கண்ண மூடு, கைய நீட்டு” என்றான். நீட்டினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். என் கணவன் நல்லவ

பார்த்தீர்களா, வந்துவிட்டது.

3

வியாழக்கிழமை பிற்பகல் கரண்ட் போனது. தொலைக்காட்சி அணைந்தது. எழுதிக்கொண்டிருந்த நாடகம் அரைகுறையாக நின்றது. பேட்டரிதான் இருக்கிறதே, மடிக்கணினியின் சொந்தத் திரையில் எழுதிக்கொள்ளலாம் என்று பல மாதம் கழித்து மூடியைத் தூக்கினேன்.

திரை இருந்த இடத்தில் அரைக் கோழி என்னைப் பார்த்தது.

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் அமைதியாக இருப்பார். நான் கத்தினேன். என் கத்தலை யாரும் பொருட்படுத்தவில்லை. கரண்ட் போனால் கட்டடமே கத்தும்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து காதல் வசனம் கேட்டது. மிக்தாலியா தன் மடிக்கணினியில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநாளாகத் திரை உடைந்து கிடந்த கணினி அது. போய்ப் பார்த்தேன். கதாநாயகியின் காதோரத்தில் ஒரு கீறல். அது என் கீறல். நான் கத்தரிக்கோலைத் தவறவிட்ட இடம்.

“மிக்தாலியா, இது என் திரை.”

“ஆமாண்டி, உன்னுதுதான். தெரியாத மாதிரி கேக்குற? வெளிநாட்டுல டாம்பாவுலேர்ந்து என் மகன் அனுப்புன கீபோர்டுக்குப் பதிலா உன் வீட்டுக்காரன் கழட்டிக் கொண்டாந்து மாட்டிக் குடுத்தான். நீதான் குடுத்தனுப்புனேன்னான்.”

“நான் அனுப்பல.”

“ஐயோ, நான் என்னத்தக் கண்டேன்! உக்காரு, காபி குடி. இவன் இப்பத்தான் அவகிட்ட உண்மைய சொல்லப் போறான்.”

என் திரையில் எவனோ எவளிடமோ உண்மை சொல்லப் போகிறானாம். நான் உட்காரவில்லை.

4

இனி ஓஸ்னியேலைக் கதாபாத்திரமாக்க வேண்டும். இங்கேதான் திணறுகிறேன். அவன் முட்டாளா, தந்திரக்காரனா?

முட்டாள் என்பதற்கு அவன் வாக்குமூலம்:

“மூடியே கெடந்துச்சே நெரெ! மூடிக் கெடக்குற திரைய யாரு பாக்கப் போறா? உனக்காகத்தான செஞ்சேன்.”

“அட்டைய எதுக்கு வெச்ச?”

“காலியா விட்டா மூடி நசுங்கிடும்ல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அப்புறம் என்ன பரிசு? குடுத்தா முத்தம், கேட்டா சண்டை. உன்னக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே!”

தந்திரக்காரன் என்பதற்கு எதிர்த்தரப்பு: வெளியூரான கமகுவேயின் வானொலி என்னை அழைத்திருக்கிறது. தினசரித் தொடர், ஆறு மாதம், தங்க அறை. ஒரே நிபந்தனை, கணினி சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். நாளைக் காலை பேருந்து. இப்படியொரு அழைப்புக்கு நான் எத்தனை வருடம் ஏங்கினேன் என்று அவனுக்குத் தெரியும். அந்த அழைப்பு வந்த மறுவாரம்தான் விசைப்பலகை வந்தது.

அந்தக் கோழி அட்டைதான் எனக்கு அடங்கவே மாட்டேன் என்கிறது. மூடி நசுங்கிவிடும் என்று வைத்தானா, தூக்கிப் பார்த்தால் கனம் குறைந்தது தெரிந்துவிடும் என்று வைத்தானா?

[எரிச்சலின் உச்சம் இது: விசைப்பலகை அருமையானது. வெண்ணெய் மாதிரி அமுங்குகிறது. அவனைத் திட்டுவதற்கும் அதைத்தான் தட்டவேண்டியிருக்கிறது.]

5

முடிவுகள்.

அ) நெரெய்தா மிக்தாலியாவிடம் போய்த் திரையைக் கழற்றி வாங்குகிறாள். மாட்டத் தெரிந்தவன் ஓஸ்னியேல் ஒருவன்தான். வேண்டாம்.

ஆ) மன்னித்துவிடுகிறாள், போகாமல் இருந்துவிடுகிறாள். இதை வானொலியில் போட்டால் நன்றாக ஓடும். எழுதும்போதே அழித்துவிடத் தோன்றுகிற

கரண்ட் போய்விட்டது.

6

தொலைக்காட்சி இருண்டுவிட்டது. கணினி முட்டை அட்டைமேல் உயிரோடு இருக்கிறது. பார்க்காமலே தட்டுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டில் பேச்சுக் கேட்கிறது. கேட்டதைக் கேட்டபடி தட்டுகிறேன்.

மிக்தாலியா: “பாவம்டா அவ. நான் திருப்பிக் குடுத்துடறேன்.”

ஓஸ்னியேல்: “சும்மா இரு. நாளைக்கு அந்த பஸ் போயிடட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இப்ப எதத் தூக்கிட்டுப் போவா? அரைக் கோழியவா?”

சிரிக்கிறான். நன்றாகச் சிரிக்கிறான்.

சரி. கதாபாத்திரம் தெளிவாகிவிட்டது. நன்றி ஓஸ்னியேல், எழுத்தாளருக்கு இவ்வளவு உதவி யாரும் செய்ததில்லை.

தொலைக்காட்சியின் கம்பிகளைக் கழற்றிவிட்டேன். இருண்ட திரைக்குக் கம்பி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எழுத்து நிற்கவில்லை. அந்தத் தொலைக்காட்சி அவன் அத்தை அவனுக்கு அனுப்பியது என்று எனக்குத் தெரியும். இன்று இரவு பேஸ்பால் ஆட்டம் என்பதும் தெரியும். என் மடிக்கணினியை மேசைக்கணினி ஆக்கினான் அல்லவா? மேசைக்கணினியாகவே கிளம்புகிறேன். தொலைக்காட்சியைப் போர்வையில் சுற்றிவிட்டேன். இரவைப் பேருந்து நிலையத்தில் கழிக்கலாம், காத்திருப்பது எங்கள் ஊரில் யாருக்கும் புதிதில்லை.

இந்த வாக்கியம் முடிந்ததும் கணினியும் விசைப்பலகையும் தோள்பைக்குள் போய்விடும். அவன் படியேறி வருகிறான், செருப்புச் சத்தம் கேட்கிறது. வாசலில் என்ன நடக்கும் என்று நான் எழுதப்போவதில்லை, எழுத எனக்குக் கை இருக்காது. இரண்டு கையிலும் தொலைக்காட்சி இருக்கும்.

நீங்கள் சும்மாதானே நிற்கிறீர்கள்? அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.