முதுகு காட்டிய வீடு

ஆற்றுத் துறைமுகத்தின் மிகப் பழைய செங்கல் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அரைவட்டமாகத் திரும்பி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. அன்று சந்தையில் மீன் விலை சற்று இறங்கியிருந்தது.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு எடை போடுபவர், ஊருக்கே எடைக்காரர். முன்கூடத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கப்பல் பார்ப்பது அவர் பரம்பரை உரிமை. பின்னால் அடுப்படிக் கதவைத் திறந்தால் மீன்சந்தையின் சுவர். அடுப்படியை ஆற்றுப் பக்கம் மாற்றலாம் என்று மனைவி வருடக்கணக்காகக் கேட்டுவந்தாள். புராதனக் கட்டிடம், ஒரு செங்கல்லைத் தொட்டாலும் குற்றம் என்று வாசலில் மாட்டியிருந்த அரசுப் பலகையைக் காட்டியே அவர் அவள் வாயை அடைத்தார். திங்கட்கிழமை அவள் பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் படகேறினாள். சண்டைகூடப் போடவில்லை. மறுநாள் வீடு திரும்பிக்கொண்டது.

பலகை மாட்டிய அதிகாரி வந்து சுற்றிப் பார்த்தார். செங்கல் எதுவும் குறையவில்லை, வீடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இழுவைப் படகில் கயிறு கட்டி இழுத்தார்கள். வீடு அசையவில்லை; படகுதான் கரையேறியது.

"என்ன அண்ணே, வீடே அண்ணி கட்சியில சேர்ந்திடுச்சு போல" என்றார் படகோட்டி.

எடைக்காரர் முறைத்தார். முன்கூடத்தில் இப்போது மீன் நாற்றம். சமையலும் அவர் தலையில் விழுந்தது. ஒருநாள் பால் காய்ச்சும்போது, திறந்திருந்த கதவு வழியே ஆற்றின் வெளிச்சம் பாத்திரங்களின் மேல் அசைந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது தெரியாமல் நின்றார். இத்தனை வருடமும் அவள் அந்தச் சுவரைப் பார்த்தே வெந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு படகேறினார்.

அக்கா வீட்டுப் படியில் நின்று, "நீ கேட்டது சரிதான். வா" என்றார்.

"வீடு சொல்லிச்சா, நீங்க சொல்றீங்களா?"

பொய் சொல்ல யோசித்தார். வரவில்லை.

"வீடு முதல்ல சொல்லிச்சு. நான் கொஞ்சம் லேட்டு."

அவள் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

வந்ததும் நேரே அடுப்படிக்குள் நுழைந்து, வெளியே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நல்லாத்தான் இருக்கிறது, படகுத்துறைதான் தெரியவில்லை என்றாள். மறுநாள் காலை வீடு கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாய் இரண்டாம் முறையாக முறிந்திருந்தது. எடைக்காரர் குழாய்க்காரரை அழைத்து, இரும்பு வேண்டாம், நீளமான ரப்பர் குழாயாகவே மாட்டிவிடச் சொன்னார்.