சூடேறாத புதன்கிழமைக் குவியல்

ஆறு குவியல்களில் ஐந்தின் கம்பிகளைச் சூட்டில் கையால் தொட முடியவில்லை. புதன்கிழமைக் குவியலில் இருந்து உருவிய கம்பி மட்டும் சில்லென்றிருந்தது. இது மூன்றாவது வாரம்.

உரக்கிடங்கில் கிழமைக்கு ஒரு குவியல். வீடுகளில் இருந்து வரும் காய்கறித் தோலையும் மிச்சச் சாப்பாட்டையும் கொட்டி மண் தூவினால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்னத் தொடங்கும். அவை தின்னத் தின்னச் சூடேறும். மூன்றாம் நாள் குவியலுக்குள் செருகிய இரும்புக் கம்பி கையைச் சுட்டால் எல்லாம் சரி. சூடேறாத குவியல் உரமாகாது, அழுகும், நாறும்.

கம்பியும் கையுமாகவே திரிவதால் கிடங்குக்காரிக்குக் கம்பியக்கா என்று பெயர். காற்றுப் போகட்டும் என்று புதன்கிழமைக் குவியலை இரண்டு முறை புரட்டிப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். பக்கத்துக் குவியலில் இருந்து நாலு கூடை அள்ளிக் கலந்தாள். ம்ஹூம். இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம்.

"இன்னொரு தடவை நாறுதுன்னு புகார் வந்தா, இதைப் பூட்டிட்டுப் பழையபடி பள்ளத்துல கொட்டிக் கொளுத்தச் சொல்லிட்டாங்கம்மா" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பள்ளம் அவள் வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. அந்தப் புகையில் இருமி இருமியே மகள் ஒரு வருடப் படிப்பை விட்டவள்.

புதன்கிழமை வண்டி வந்ததும் தானே மேலே ஏறி மோந்து பார்த்தாள்.

"என்னடா இது, ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது?"

வண்டி ஓட்டுவது அவள் தம்பி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஃபினாயில்க்கா. ரெண்டு கேன்."

"எதுக்கு?"

"இன்னிக்கு மாடி வீட்டுத் தெரு. வண்டி திரும்பும்போதே டப்பு டப்புன்னு ஜன்னலைச் சாத்துறாங்க. நானும் மனுஷன்தானே? போன மாசத்துல இருந்து ஏத்த ஏத்த ஊத்திக்கிட்டே வரேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை.

"கிருமிங்கதான்டா என் வேலைக்காரங்க. அவங்களை எல்லாம் நீ வழியிலயே கொன்னுட்டு வர. ஏன் வேலை நடக்கலன்னு நான் இங்க கம்பியைக் குத்திக்கிட்டு இருக்கேன்."

"அப்ப நாறிக்கிட்டே போகச் சொல்றியா?"

அவள் வண்டியில் இருந்து இறங்கிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். வண்டியின் பின்கதவில் இருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் தெருவெல்லாம் ஒழுகி நாறுவது. சொட்டிய இடத்தில், பூங்காவில் இருந்து வந்த காய்ந்த இலைகள் சிதறிக் கிடந்தன. அவை சாற்றைக் குடித்துவிட்டிருந்தன. தரையில் ஈரமே இல்லை. ஒரு பிடி அள்ளி மோந்தாள், எந்த வாடையும் இல்லை. பிறகு தம்பியின் மூக்கருகே நீட்டினாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, புதன்கிழமைக் குவியலில் இருந்து கம்பியை உருவி, "பிடிடா" என்றாள். பிடித்தவன் "ஆ"வென்று கீழே போட்டான்.

"ஜன்னல்?"

"நாலு வீட்டுல சாத்தலக்கா."

இப்போது புதன்கிழமைதோறும் வண்டித் தட்டில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலை. ஒவ்வொரு வீட்டுக் குப்பைக்கு மேலும் இரண்டு கை இலை. ஃபினாயில் வேண்டாம்.