ஒட்டுக் குழாய்

வெளிச்சம் வருவதற்கு முன்பே வேனுக்கு அடியில் முதுகைக் கொடுத்துவிட்டேன். சிமெண்டுத் தரையின் குளிர் சட்டையைத் தாண்டி எலும்புக்குள் ஏறியது. மூஞ்சிக்கு நேர் மேலே பிரேக் குழாய். தொட்டால் துரு செதில் செதிலாகக் கண்ணில் கொட்டியது. நடுவில் அரித்துப்போய் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. முழுக் குழாயையும் மாற்ற வேண்டும். அதற்கு முனையில் இருக்கிற நட்டு கழல வேண்டும். அதுவோ எங்கள் முதலாளியின் மனசு மாதிரி இறுகிக் கிடந்தது.

இந்த மாதிரி நட்டிடம் பலத்தைக் காட்டக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் அடித்து, ஊற விட வேண்டும். முதலில் இறுக்குகிற பக்கம் லேசாக அசைத்து, அப்புறம்தான் கழற்றுகிற பக்கம். அவசரப்பட்டால் மூலையெல்லாம் மழுங்கி, எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்காமல் வழுக்கிவிடும்.

முதலாளிக்கு நட்டு ஊறுவது பிடிக்காது. அந்த நேரத்தில் நாங்கள் சும்மா நிற்கிறோமாம். அவர் காலையிலிருந்து சாயந்திரம் வரை ஏசி ரூமில் ஊறுவது மட்டும் உழைப்பு. ஆள் வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும் என்பதால் பட்டறையில் அவருக்குப் பெயர் சென்ட்டு.

போன மாதம் இதே ஷெட்டில் ஒரு காருக்கு இப்படித்தான் நட்டு கழலவில்லை. அரித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இடையில் ரப்பர் குழாயைச் செருகி, ரெண்டு பக்கமும் கிளிப் மாட்ட வைத்தார் சென்ட்டு. ஓட்டிப் பார்க்கும்போதே ரப்பர் பிய்த்துக்கொண்டது. சுவரோரம் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த என் மச்சானின் வலது கையைக் கார் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. "குறுக்கே யாரு நிக்கச் சொன்னா?" என்று கேட்டார் அந்தப் புண்ணியவான். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மச்சானுக்கு வேலையும் போயிற்று. கட்டுப் போட்ட கையோடு தினமும் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறான்.

இந்த வேனை ஓட்டுகிற அக்கா டயர் மேல் உட்கார்ந்திருந்தார். தையல் கம்பெனிக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்குகிற வண்டி. கம்பெனிக்குப் போகிற வழியெல்லாம் இறக்கம்.

வாசனை வந்தது. பின்னாலேயே பளபளவென்று ரெண்டு ஷூ வந்து என் தலைமாட்டில் நின்றன.

"இன்னுமா படுத்திருக்க? தாலாட்டு பாடணுமா?"

"நட்டு ஊறணும் முதலாளி."

"அதை எவன் தொடச் சொன்னான்? அரிச்ச இடத்தை வெட்டு. ரப்பரைச் சொருகு, கிளிப்பைப் போடு, அனுப்பு."

"பிரேக்கை அழுத்தி மிதிச்சா ரப்பர் தாங்காது. தெரிஞ்சதுதானே?"

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும். கேட்டைத் தாண்டிட்டா அவங்க பாடு."

அக்கா எழுந்து நின்றார். அப்போதுதான் சென்ட்டு அவரைப் பார்த்தார். உடனே குரலில் வெல்லம் வழிந்தது. "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இது சும்மா எங்க தொழில் பேச்சு." த்தூ என்று துப்பத் தோன்றியது. படுத்துக்கொண்டு துப்பினால் என் மேலேயே விழும் என்று விழுங்கிக்கொண்டேன்.

"வெட்டுறியா, இல்ல இப்பவே வெளிய போறியா?"

"வெட்டுறேன்" என்றேன்.

சென்ட்டு சிரித்தார். பக்கத்து வண்டியில் தகடு தட்டிக்கொண்டிருந்த டிங்கர் மொட்டை, சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைக் கேவலமாகப் பார்த்தான். கட்டரை எடுத்தேன். அரித்த இடத்தில் வைக்கவில்லை. நட்டின் கழுத்தை ஒட்டி வைத்து அறுத்தேன். குழாய் தனியாகத் தொங்கியது. மிச்ச ஆயில் என் கழுத்தில் சொட்டியது.

"எங்கடா வெட்டுன?" பேண்ட் மடிப்புக் கலையாமல் குனியப் பார்த்து, முடியாமல், முழங்காலை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"நட்டோட கழுத்துல. ரப்பரை மாட்ட இந்தப் பக்கம் குழாயே இல்ல. இனிமே புதுசு போட்டாத்தான் வண்டி நகரும். குழாய் போயிட்டதால சாக்கெட் ஸ்பேனரை நட்டு மேல முழுசா இறக்கலாம். ஊறட்டும், கழலும்."

அவர் முகம் கறுத்தது. "நீ வெளிய போ. டேய் மொட்டை, ஜாக்கியைப் போட்டு வண்டியை இறக்கு. பழைய நட்டோட எவனை வச்சு எப்படி ஒட்டணும்னு எனக்குத் தெரியும்."

மொட்டை வந்தான். ஜாக்கியின் கைப்பிடியைப் பிடுங்கினான். அது இல்லாமல் வண்டியை இறக்க முடியாது. எங்கள் பட்டறையில் வண்டி கழுவுகிற இன்னொரு அக்காவிடம் அதை நீட்டினான். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். "என் தம்பி பொண்ணு இந்த வேன்லதான் வேலைக்குப் போறா" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு நேராகக் கேட்டுக்கு நடந்து, தாழ்ப்பாளை நீக்கி, என் மச்சானை உள்ளே கூட்டி வந்தார். மச்சான் இடது கையில் கைப்பிடியை வாங்கிக்கொண்டு, வேன்கார அக்கா பக்கத்தில் டயரில் உட்கார்ந்தான்.

"என்னடா நாடகம் இது?"

"நாடகம்லாம் இல்ல" என்றான் மொட்டை. "ஒட்டு வேலை இனிமே இங்க நடக்காது. இவனை வெளிய அனுப்புனா நாங்களும் வரோம். பெயிண்டர் கைக்குப் பதில் சொல்லிட்டு மத்ததைப் பேசுங்க."

"நாளைக்கே பட்டறையைப் பூட்டிருவேன்."

"பூட்டுங்க. கேட்டுல நிப்போம். நிக்கப் பழகினவன் ஒருத்தன் ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கான்" என்றான் மொட்டை. மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை போனதிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

பூட்டினாலும் பூட்டுவார். அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன வழி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வேன்கார அக்கா மட்டும் தயங்கவில்லை. "எங்க பொண்ணுங்ககிட்ட சொல்றேன். ஒரு வேன் நிறைய வாய் இருக்கு, ஊரெல்லாம் கேக்கும்" என்றார்.

மறுபடி எண்ணெய் அடித்தேன். சாக்கெட்டை இறக்கி, இறுக்குகிற பக்கம் லேசாக அசைத்தேன். நட்டு இம்மியும் நகரவில்லை. பார்க்கலாம் என்றால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தலைமாட்டில் அந்த ஷூ ரெண்டும் இன்னும் அங்கேயே நின்றன.

"முதலாளி, தள்ளி நில்லுங்க" என்றேன். "வெளிச்சத்தை மறைக்கறீங்க."

ஷூ ரெண்டும் கொஞ்சம் தயங்கிவிட்டு, நகர்ந்தன.