குளக்கரை மனிதனின் பங்கு

சனிக்கிழமை மதியம் போதகர் பழைய நோட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் சபையில் வேதபாடங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வரும். மனைவி இறந்த ஏழு மாதமாக அவர் புதிதாக ஒரு வரி எழுதவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தின பிரசங்கத்தைத் தூசி தட்டிப் படித்துவிட்டு இறங்கிவிடுவார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. போன வாரம் ஆர்கன் வாசிக்கிற அம்மா, இப்போதெல்லாம் ஐயா புதுசு புதுசாகச் சொல்கிறார் என்று பாராட்டக்கூடச் செய்தார்.

அவள் இருந்தவரை, சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போட்டுப் பாடத்தை நாடகம் போல வாசிப்பார்கள். ஆண்டவர் பேசுவது அவர் பங்கு. குருடர், குஷ்டரோகி, பரிசேயர், சமயத்தில் கழுதை, எல்லாம் அவள். "நல்ல வேஷத்தை நீங்க எடுத்துக்கிட்டு, மிச்சத்தை என் தலையில கட்டுறீங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பேனா ஓடும்.

நாளைய பாடம், முப்பத்தெட்டு வருஷமாகக் குளக்கரையில் படுத்துக் கிடந்த நோயாளி. தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குத்தான் சுகம். சுகமாக விருப்பமா என்று ஆண்டவர் கேட்க, என்னை இறக்கிவிட ஆளில்லை என்கிறான் அவன்.

பழைய பிரசங்கத்தின் தலைப்பு, 'சாக்குச் சொல்லும் மனிதன்'. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று நாலு பக்கத்துக்கு அவனை வறுத்தெடுத்திருந்தார். ஓரத்தில் அவள் பென்சில் எழுத்து: 'பாவம், படுத்துக் கிடக்கிறவர். கொஞ்சம் குறைத்துத் திட்டுங்கள்.' அன்றைக்குச் சிரித்துவிட்டு, ஒரு வரியும் மாற்றாமல் போய்ப் படித்தார். நாளைக்கு இதைப் படிக்க அவருக்கு வாய் வராது. வேறு பிரசங்கமும் கையில் இல்லை.

கோயில் மணியடிக்கிறவர் வந்தார். மறுநாள் ஆராதனைக்குப் பலகையில் மாட்ட வேண்டிய பாட்டு எண்களை வாங்கிப்போக ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். போதகரைவிடப் பத்து வயது மூத்தவர். வழக்கம்போல, சாப்பிட்டாச்சா ஐயா என்றார். ஆச்சு அண்ணே என்றார் போதகர், வழக்கம்போல. அடுப்பு காலையிலிருந்தே பற்றவைக்கவில்லை.

எண் அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பியவரை நிறுத்தி, இந்த நோயாளி பேசுவதை மட்டும் கொஞ்சம் வாசித்துக் காட்ட முடியுமா என்று போதகர் கேட்டார். கிழவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்றபடியே வாசித்தார். முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏன் ஐயா, சுகமாகணுமான்னா ஆமான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே இவன்?"

"அதைத்தான் நானும் எழுதி வச்சிருக்கேன்."

"ஆனா, அவன்கிட்ட ஒருத்தர் நின்னு பேசியே எத்தனை வருஷமாச்சோ. ஆள் கிடைச்சதும் மனசுல இருக்கிறதுதான் முதல்ல வரும்."

கிழவரின் கண் சமையலறைப் பக்கம் போயிற்று. கவிழ்த்து வைத்த ஒற்றைத் தட்டு காய்ந்து கிடந்தது.

"நிஜமாவே சாப்பிட்டீங்களா ஐயா?"

"வீட்டுல பேச ஆளில்லண்ணே" என்றார் போதகர்.

சொன்ன பிறகுதான், கேட்ட கேள்வி வேறு என்பது அவருக்கு உறைத்தது. நோட்டைப் பார்த்தார். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

மணியடிக்கிறவர் அட்டைகளை மேஜைமேல் வைத்தார். ஏழு மாதமாகச் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் வாசிப்போமா? என் குரலுக்கு அந்த ஆள் ஒத்துவரல. நீங்க அவரா இருங்க. ஆண்டவர் கேக்குறதை நான் பாத்துக்குறேன்."

சொல்லிவிட்டு, ஆண்டவராயிற்றே என்று சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சுகமாக விருப்பமா என்று மெதுவாகக் கேட்டார்.

இத்தனை வருஷ ஊழியத்தில் போதகர் அந்தப் பங்கை வாசித்ததே இல்லை. வாசித்தார். ஆளில்லை என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். கிழவர் அவசரப்படுத்தவில்லை. மீதியையும் வாசித்து முடித்துவிட்டு, பழைய தலைப்பைக் குறுக்கே அடித்து, போதகர் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.