ஒப்பமிட்ட கற்கள்

கதிரவன் கட்டட முகடுகளைக் கடந்து நடுத்தெருவில் இறங்கி, கறுப்பு மேலாடை அணிந்தோரின் தோள்களைச் சுடத் தொடங்கிய முற்பகல் பத்து மணியளவில், வழக்கு மன்றங்கள் நிறைந்த அந்நெடுந்தெரு, கட்டுக் கட்டாய்த் தாள்சுமந்து ஏறுவோரும், மறுநாள் குறித்துக்கொண்டு வெறுங்கையாய் இறங்குவோருமாய், என்றும் தீராத ஓர் அலுப்பில் அசைந்துகொண்டிருந்தது. இடப்புறம் நின்ற பழைய மன்றத்தில், தந்தை தொடுத்த வழக்கை மகன் நடத்தி, மகன் நரைத்தபின் பேரன் வந்து கைகட்டி நிற்பான். வழக்கு என்ற சொல்லுக்கும் வழக்கம் என்ற சொல்லுக்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர் அங்கே ஒருமுறை போய்வரலாம். வலப்புறக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், வணிகர்தம் பிணக்குகளுக்கென்றே ஆறாண்டுகளுக்குமுன் அமைத்த தனி மன்றம் இருந்தது. கற்றறிந்த அன்பரே, நம் கதை அந்த மூன்றாம் மாடிக்கு உரியது. மின்தூக்கி பழுதாகிக் கிடப்பதால் நாமும் படியேறித்தான் போகவேண்டும்.

அம்மன்றத்தின் முறையே வேறு. வழக்குத் தொடுப்பதற்கு முன்னரே இருதரப்பாரும் நடுநிலையாளர் ஒருவர்முன் அமர்ந்து பேசிப் பார்த்திருக்க வேண்டும். அப்பேச்சு முறிந்தால்தான் கதவே திறக்கும். திறந்த முதல்நாளிலேயே, மறுமொழி இன்ன நாள், ஆவணம் இன்ன நாள், தீர்ப்பு இன்ன நாள் என்று நடுவர் வரிசையாய்க் குறித்துவிடுவார். குறித்த நாளைக் கடந்து வரும் தாள், எத்துணை உண்மை பேசினாலும், வாயிலுக்கு வெளியேதான் நிற்கும். அனைத்திற்கும் மேலாக, தம்மிடமுள்ள ஆவணங்களை, தமக்கு ஆவதையும் ஆகாததையும் ஒளிக்காமல் பட்டியலிட்டு, அதன்கீழ் உண்மை உறுதிமொழி எழுதித் தரவேண்டும். நடுவரோ, கட்டட ஒப்பந்தங்களையும் கப்பற்சரக்கு ஒப்பந்தங்களையும் படித்துப் படித்துக் கண் வறண்டு, நாளுக்கு நான்குமுறை மருந்துத் துளி இட்டுக்கொள்ளும், ஓய்வை நெருங்கிய மனிதர். மனைவி எழுதித் தரும் கடைப்பட்டியலிலும் காற்புள்ளியைத் தேடுகிறார் என்று மன்ற ஊழியர்கள் அவரைக் கேலி செய்வதுண்டு.

அன்று அம்மன்றத்தின் வெளியிருக்கையில், நகக்கண்களில் கல்துகள் படிந்த கைகளை மடிமேல் கோத்து, நாற்பத்தைந்து அகவை மதிக்கத்தக்க பெண்ணொருத்தி அமர்ந்திருந்தாள். கல் அறுக்கும் பட்டறை ஒன்றின் உடைமையாளர் அவள். வேலைசெய்வோர் ஆறு பேரும் அவளைப் பட்டறை அக்கா என்று அழைப்பதால், நாமும் அப்படியே அழைப்போம். பள்ளிக்காலத்தில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் அவள். கடைப்பலகைகளில் பிழை கண்டால் நின்று திருத்தாமல் நகராதவள். கல் ஏற்றும் வண்டிக்குப் பின்னால் எழுதும் நான்கு சொற்களைக்கூட நல்ல தமிழில் எழுதவேண்டும் என்று நாள்முழுதும் மண்டையை உடைத்துக்கொள்பவள். அவ்வகையில் நம்மைப் போன்றவளே. ஆகையால் அவளை ஏசும் தகுதி நமக்கு இல்லை.

அவள்மீது வழக்குத் தொடுத்தவர் வேறெவரும் அல்லர். அவளுடைய அத்தை மகன். கட்டட வேலை எடுத்து நடத்தும் அவர், மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் உருளைக்கட்டில் ஏறியிறங்கும் சரிவுப்பாதைக்கு நானூற்றுப் பன்னிரண்டு கற்பலகைகள் வேண்டுமென்று அவளிடம் சொன்னார். ஒப்பந்தத்தை அவளே எழுதினாள். அதில் ஆறாவது வரி இவ்வாறு இருந்தது: "கற்பலகை ஒவ்வொன்றும் நன்கு நோக்கி, ஒப்பமிட்டு அனுப்பப்படும்." கற்கள் கண்ணாடிபோல் மெருகேறி வந்திறங்கின. பாதை அமைந்த மூன்றாம் நாள், கையில் மருந்துத்தட்டோடு இறங்கிய செவிலி ஒருத்தி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பாதையைப் பெயர்த்தெடுக்குமாறு மருத்துவமனை கட்டளையிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு கல்லையும் அவளே தன் செலவில் திரும்பக் கொத்திச் சொரசொரப்பாக்கித் தரவேண்டும் என்று அத்தான் கேட்டார்.

ஒப்பம் என்ற சொல்லுக்கு மெருகு என்றும் பொருள், கையெழுத்து என்றும் பொருள். கல்லை மெருகேற்றச் சொன்ன வரி அது என்றாள் அவள்; விரிசல் உண்டா என்று பார்த்துப் பின்புறத்தில் கையெழுத்திட்டு அனுப்பத்தான் சொன்னேன் என்றார் அவர். நடுநிலையாளர்முன் மூன்றுமுறை அமர்ந்தும் அந்த ஒரு சொல்லை இருவராலும் தாண்ட இயலவில்லை.

"நான் எங்கம்மா பளபளன்னு கேட்டேன்? சரிவுப் பாதைக்கு எவனாவது பளபளன்னு கல்லு போடுவானா?" என்றார் அத்தான்.

"நீங்க என்ன கேட்டீங்களோ, எனக்குத் தெரியாது அத்தான். ஒப்பமிட்டுன்னு எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு."

"அந்த வார்த்தையே என் வாயில நுழையாதும்மா!"

அவர் பொய் சொல்கிறார் என்றே அவள் மனமார நம்பினாள். ஒப்பந்தம் எழுதிய மறுநாள் வயிற்றுக்கட்டிக்கு அறுவை செய்துகொள்ள மருத்துவமனை போனவள் அவள். இரண்டு திங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது, தன் கணவர் அந்த வரியைப் படித்துக் காட்டி ஆட்களைக்கொண்டு மெருகேற்றிய கற்கள் சுவரோரம் வரிசையாய்ச் சாய்ந்திருக்க, அவற்றில் தன் மெலிந்த முகம் தெரியக் கண்டு மகிழ்ந்தவள். தோற்றால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாய்த் தெரியும். மூன்று திங்களுக்கு வேறு வேலையே எடுக்க முடியாது. உளிபிடித்து உளிபிடித்து மணிக்கட்டு வீங்கிப்போன கணவர் மறுபடி உளியெடுக்க வேண்டும். அதற்குள் வாடிக்கையாளர்கள் வேறிடம் போய்விட்டால் பட்டறைக்குப் பூட்டுத்தான். ஆகவே வெல்வதற்கு ஆவன எல்லாம் அவள் தேடினாள்.

அப்படித் தேடியதுதான் வினையாயிற்று. கற்களை மெருகேற்றிய காலத்தில் தான் பட்டறையில் இல்லை என்று காட்ட, நான்கு நாட்களுக்குமுன் தன் மருத்துவக் கோப்பை எடுத்து ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினாள். குருதி ஆய்வுத் தாளுக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவே, நான்காய் மடித்த வேறொரு தாள் இருந்தது. அவள் கைப்பட எழுதிய முதல் எழுத்துப்படி அது. ஆறாவது வரியில், "ஒவ்வொரு கல்லையும் பார்த்து, பின்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்" என்றிருந்தது. அதன் குறுக்கே கோடு கிழித்து, மேலே, அழகிய சாய்ந்த எழுத்தில், இப்போதைய வரி.

மயக்க மருந்து கழுவிக்கொண்டு போயிருந்த அந்த மாலை, அக்கோட்டைப் பார்த்ததும் முழுதாய்த் திரும்பி வந்தது. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கியபடி அத்தான் சொன்னதைச் சொன்னவாறே எழுதியதும், படித்துப் பார்த்தபோது "கையெழுத்துப் போட்டு" என்பது கொச்சையாய் உறுத்தியதும், அதை அடித்துவிட்டு நல்ல சொல் ஒன்றை வைத்ததும், வைத்தபின் அடைந்த சிறு பெருமையும் நினைவுக்கு வந்தன. அவளுக்கு வெட்கமாய் இருந்தது.

தாளைக் கணவரிடம் காட்டினாள். அவர் இரண்டுமுறை படித்தார்.

"இது வேற யார்கிட்டயாவது இருக்கா?"

"இல்ல. என்கிட்ட மட்டும்தான்."

"அப்போ நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"ஆமா. உங்க கை தாங்குமா?"

"தாங்காது. நீ கேக்கறதுக்காகத் தாங்கும்னு சொல்லவா?" அவர் மணிக்கட்டை மெல்லத் தேய்த்துக்கொண்டார். "இவ்வளவு நாளா உன் அத்தானைப் பொய்யன்னு நெனச்சோமே. கொடுத்துடு. இல்ல, கிழிச்சுப் போடு. எனக்கு ஒண்ணும் புரியல. நான் போய்ப் படுக்கறேன்."

நான்கு நாட்களும் அத்தாள் அவள் கைப்பையிலேயே கிடந்தது. இன்றோ ஆவணப்பட்டியல் தரவேண்டிய கடைசி நாள். அவளுக்காக வழக்காடும் அம்மையார் பட்டியலை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, அவள் எழுதுகோலுக்கு மாறாகத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள். அம்மையார் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இதை வீட்லயே பார்த்துட்டு வெச்சிருக்கக் கூடாதா? இப்போ நானும் பார்த்துட்டேன். பார்க்கலன்னு சொல்ல எனக்கும் வழியில்ல."

"தெரியும் மேடம். அதுக்குத்தான் உங்ககிட்ட கொடுத்தேன். என்கிட்டயே இருந்தா கிழிச்சுடுவேன்."

வழக்கின் எண்ணைக் கூவினர். நடுவர் பட்டியலைப் பார்த்தார். பதினேழாவதாய்ச் சேர்ந்த அத்தாளை எடுத்தார். கோடு கிழித்த வரியின்மேல் அவர் விரல் நின்றது. எதிர்ப்பக்கத்தில் அத்தான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"இது உங்களுக்கு எதிரான தாள்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார் நடுவர்.

"தெரியும் ஐயா."

"உங்க எதிர்த்தரப்புக்கே இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாது. அப்புறம் ஏன் கொடுத்தீங்க?"

"பட்டியலுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணுமே, ஐயா."

நடுவர் மருந்துப் புட்டியை எடுத்துக் கண்களில் துளியிட்டுக்கொண்டார். "ஆறு வருஷமா இந்தப் பட்டியல்ல கையெழுத்து வாங்கிட்டிருக்கேன். என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் போட்டவங்க எத்தனை பேர்னு எனக்கே தெரியல," என்றார். அவர் குரலில் பாராட்டைவிடக் களைப்பே மிகுதியாய் இருந்தது. பாராட்டினாலும் தீர்ப்பை மாற்ற அவரால் ஆகாது என்பதை இருவரும் அறிவர்.

ஐயத்துக்கு இடமில்லாத வழக்கைச் சான்று உசாவாமலே முடிக்கும் உரிமை அம்மன்றத்துக்கு உண்டு. ஒன்பதாம் நாள் தீர்ப்பு வந்தது. கற்கள் அனைத்தையும் தொண்ணூறு நாட்களுக்குள் அவள் தன் செலவில் கொத்தித் தரவேண்டும். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் கையெழுத்து வேண்டும். படிக்காமல் ஒப்புக்கொண்ட குறை அத்தானிடமும் இருப்பதால், காலத்தாழ்வுக்கென்று அவர் கேட்ட ஈடு இல்லை. எல்லாம் தொடங்கி முடிய ஐந்தே திங்கள். எதிரே பழைய மன்றத்தில் இந்நேரம் வழக்கின் எண்ணைத்தான் இட்டிருப்பார்கள். விரைந்து வந்ததால் தோல்வியின் எடை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

படியிறங்கும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் அத்தான் கைப்பிடியைப் பற்றியபடி நின்றிருந்தார். வென்றவர் முகமாய் அது இல்லை.

"நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாமேம்மா."

"அழகா இருக்கட்டும்னு நெனச்சேன், அத்தான்."

"அழகாத்தான் இருந்துச்சு. அதான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பாமலே கேட்டார்: "கொத்தறதுக்கு ஆளு அனுப்பவா?"

"வேணாம். என் செலவுன்னு தீர்ப்புல இருக்கு."

"ஆளு அனுப்பக்கூடாதுன்னு தீர்ப்புல இல்லையே."

மறுவாரம் உளியோடு இரண்டு பேர் வந்து சேர்ந்தனர்; அத்தான் வரவில்லை. அதன்பின் பட்டறையில் எண்பது நாள் உளியோசையைத் தவிர வேறோசை இல்லை. கணவர் மணிக்கட்டில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, தாமே பார்த்துப் பார்த்து ஏற்றிய மெருகைத் தாமே கொத்திக் கொத்தி இறக்கினார். வேறு வேலை கொண்டுவந்தோர் பலர் திரும்பிப் போயினர். சிலர் காத்திருப்பதாய்ச் சொன்னார்கள். இனிப் பட்டறை நடக்குமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்கும் தெம்பும் எவருக்கும் இல்லை.

கடைசிக் கல்லின் கடைசி மூலையில் தன் முகம் சிறுதுண்டாய்த் தெரிவதைப் பட்டறை அக்கா கண்டாள். கணவரின் உளி அதையும் தொட்டது. கல்லைப் புரட்டினர். கறுப்பு மை தோய்த்த தூரிகையோடு அவள் குனிந்தாள். அன்பரே, இக்கதையை முடிக்கும் இவ்விடத்தில், அவள் அக்கல்லில் ஒப்பமிட்டாள் என்றெழுத நம் கையும் துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இதற்குமேல் அச்சொல்லை எழுத நமக்கு மனம் வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டாவது கல்லை நன்றாகப் பார்த்து, பின்னால் அவள் கையெழுத்துப் போட்டாள்.