இரண்டு பேர் உட்காரும் டியூப்

நீர்ப்பூங்காவுக்கு வரப் புவனேசன் ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்தான் ஒத்துக்கொண்டான். மகள் ரூபினியோடு சறுக்குவது மனைவி சாந்தினியின் தங்கை வாசுகியின் பொறுப்பு. பைகளைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. சாந்தினி இருந்த காலத்திலும் அவன் வேலை அதுதான்.

சாந்தினி பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் இப்படிப்பட்ட இடங்களை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கல்யாணத்துக்குப் பிறகு பள்ளி விடுமுறை விட்டால் போதும், யான் ஊர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பூங்காவுக்குக் காரைக் கிளப்பச் சொல்லிவிடுவாள். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். எலுமிச்சைச் சோற்றைக் காரின் பின்பெட்டியில் வைத்து, வெயிலில் நின்றபடியே மூவரும் சாப்பிடுவார்கள். பயப்படுவதற்குக் காசு கொடுப்பானேன் என்று புவனேசன் கேட்பான்.

"பெஞ்சுல உக்கார டிக்கெட் வாங்குற ஆளு பேசக்கூடாது," என்பாள்.

மகளை முன்னால் உட்காரவைத்து, தான் பின்னால் உட்கார்ந்து, மஞ்சள் டியூபில் இறங்கி வருவாள். திரும்பும் வழியில் இரண்டு ஈரத்தலைகளின் குளோரின் வாசம் காரெல்லாம் நிறைந்திருக்கும். வீடு சேரும்வரை சிரிப்பு ஓயாது.

அவள் போய் ஒன்றரை வருடம். வேலைக்குப் போனான். மகளுக்குத் தலைபின்னக் கற்றுக்கொண்டான். அதற்குமேல் எதுவும் அவனைத் தொடவில்லை. ரூபினி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த உயரச் சறுக்கில் ஒரு தடவை தன்னோடு வரவேண்டும். சித்தி வருவாள் என்று சமாளித்தான். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் உறுத்தியது.

சறுக்கின் அடியில் ஒட்டகச்சிவிங்கி வடிவத்தில் ஓர் அளவுப்பலகை. கோட்டைத் தொடாத பிள்ளையோடு பெரியவர் ஒருவர் போகவேண்டும். ரூபினி முதுகை ஒட்டி நின்றாள். காவலுக்கு நின்ற மலாய்ப் பெண் அவள் தலைமேல் கையை வைத்துப் பார்த்தாள். கோடு காதோரம் இருந்தது.

"டா போலே செண்டிரி," என்றாள். இனி தனியாகவே போகலாம்.

வாசுகி வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் தப்பிச்சேன் லா மாமா. நேத்திலேருந்து இதே பயந்தான்."

ரூபினி ஒற்றை டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாக வந்தபோது சாந்தினியின் நெஞ்சளவுதான் இருந்தாள். இனி அவளுக்குத் துணை தேவையில்லை. வா என்று கூப்பிடவும் மாட்டாள். இந்தப் பெஞ்சிலிருந்து அவனை யாரும் எழுப்பப் போவதில்லை.

கைப்பேசியையும் சாவியையும் வாசுகியின் மடியில் போட்டுவிட்டு எழுந்தான்.

பாதிப் படியில் அவளைப் பிடித்தான். மூச்சு வாங்கியது.

"ரூபி, அப்பாவும் வரட்டுமா?"

தனியாகப் போகும் பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்றால் இறங்கிவிடலாம் என்று நின்றான்.

"அப்போ ரெண்டு பேரு டியூப் வேணும்," என்றாள் கடைசியில். "நீங்க பின்னால. ஆனா அம்மா மாதிரி கண்ண மூடிக்கக் கூடாது."

"அம்மா கண்ண மூடிக்குவாங்களா?"

"தண்ணியில விழுற வரைக்கும். இந்தப் படியிலயே கால் நடுங்கும். அப்பாகிட்ட சொல்லிடாத, ஓட்டியே கொன்னுருவாருன்னு சொன்னாங்க."

புவனேசன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஒன்றரை வருடமாக அவன் நினைவில் சாந்தினி ஒரே படம்போல் அசையாமல் இருந்தாள். இப்போது அவனுக்குத் தெரியாத ஒன்றைச் செய்துவிட்டு, பிடிபட்டவள்போல் நின்றாள். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. ரூபினி தோளிலிருந்த டியூபைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

கீழே போய் டியூபை மாற்றிக்கொண்டு வந்தான். உச்சியிலிருந்து வயல்களின் பச்சையும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. மகளின் தலை அவன் நெஞ்சில் இடித்தது. பிறகு எல்லாம் கவிழ்ந்தது.

மூக்கில் நீரேறி, இருமியபடி எழுந்தான்.

"மூடிட்டீங்கதானே?"

"மூடிட்டேன் லா."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டியூபின் ஒரு பிடியை அவனிடம் நீட்டிவிட்டு, மறுபிடியைத் தான் பற்றிக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் அவனை இழுத்தாள்.